வலது அடிவயிற்று வலியும் சில மணி நேரக் காத்திருப்பும்

குடல்வால் அறுவை சிகிச்சை பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. “நல்ல வேளை, இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்” என்பது ஒன்று. “வெறும் வயிற்றுவலி என்று போனோம்; ஆபரேஷன் செய்து பில்லைத் தீட்டிவிட்டார்கள்” என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தெருவில் கேட்கும். சில சமயம் ஒரே குடும்பத்தில், ஒரே நோயாளியைப் பற்றியே கேட்கும். முதல் பேச்சில் மருத்துவர் தெய்வம், இரண்டாவதில் வியாபாரி. இரண்டுக்கும் நடுவே உண்மையில் என்ன நடக்கிறது, அந்த நெருக்கடியான நேரத்தில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைப் பதற்றமில்லாத ஒரு நாளில் பேசிக்கொள்வது நல்லது. வலி வந்த இரவில் பேச நேரம் இருக்காது.

நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது குடல்வால் அழற்சி வருகிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் அதிகம். பாடநூல் சொல்லும் வரிசை தெளிவானது: தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகரும், பசி அற்றுப்போகும், குமட்டும், பிறகு லேசான காய்ச்சல். மருத்துவமனைக்கு வரும் வழியில் ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலி சுருக்கென்று குத்தியதா என்று சில மருத்துவர்கள் கேட்பார்கள். விளையாட்டுக் கேள்வி இல்லை. குடல்வால் அழற்சிக்கு அது ஓர் அடையாளம் என்று ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், நோயாளிகள் பாடநூலைப் படித்துவிட்டு வருவதில்லை. சிறுநீர்க் குழாயில் இறங்கும் கல், டைபாய்டு, சிறுவர்களுக்குச் சளிக் காய்ச்சலோடு வயிற்று நிணநீர்க் கணுக்கள் வீங்குவது, பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொள்வது, கருக்குழாயில் கரு தங்குவது என எல்லாமே அதே மூலையில் வலிக்கும். காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் வரும் குடல் காசமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு அதே இடத்தில் புற்றுக்கட்டிகூட இருக்கலாம். ஆகவே “குடல்வாலா, இல்லையா?” என்ற கேள்விக்கு முதல் பரிசோதனையிலேயே உறுதியான பதில் கிடைப்பது பலருக்கு நடப்பதில்லை. “சந்தேகம்” என்றே கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது. நாம் பேச வேண்டியது அந்தச் சந்தேக நேரத்தைப் பற்றித்தான்.

சந்தேகம் வந்தால் எடுத்துவிடு என்ற மரபு எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்தால் மருத்துவர்கள் தரப்பு நியாயமும் நமக்குக் கொஞ்சம் புரியும். 1886-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், வயிறு முழுக்கச் சீழ் பிடித்து இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து, பலருக்கு நோயின் தொடக்கம் குடல்வாலில்தான் என்று காட்டினார். நோயைக் காலத்தில் கண்டுபிடித்து அறுவை செய்யுங்கள் என்றார். மூன்று ஆண்டு கழித்து நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, எந்த இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலி உச்சமாக இருக்கும் என்று குறித்தார். இன்றும் பயிற்சி மருத்துவரின் விரல் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான். 1902-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவே இந்த நோயால் தள்ளிப்போனது. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஃபிரெட்ரிக் டிரீவ்ஸ் அவர் வயிற்றிலிருந்த சீழ்க் கட்டியைக் கீறி வடித்தார். ஆன்டிபயாடிக் இல்லாத அந்தக் காலத்தில் தாமதம் என்பது பெரும்பாலும் மரணம். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு கணக்கை ஏற்றுக்கொண்டார்கள்: அகற்றும் குடல்வால்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது நோயற்றதாக இருந்தாலும் பரவாயில்லை, வெடிக்க விட்டுவிடக் கூடாது. பேராசையால் பிறந்த கணக்கு இல்லை அது. பிணங்களைப் பார்த்துப் பிறந்தது.

அந்தக் கணக்கு இன்றைக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் வலது அடிவயிற்று வலியோடு வந்தவர்களைக் கவனித்தது. குடல்வால் அகற்றப்பட்ட பெண்களில் 28 சதவீதத்தினருக்கு அது நோயற்றதாக இருந்தது. ஆண்களில் 12 சதவீதம். அரசே செலவை ஏற்கும், அறுவைக்குத் தனி லாபம் இல்லாத நாட்டிலேயே இந்த நிலை. எனவே தேவையற்ற அறுவை எல்லாவற்றுக்கும் பணமே காரணம் என்று நாம் முடிவு கட்டுவது சரியாகாது. பணம் புகுந்துவிட்ட இடங்களும் இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும் வலிக்கெல்லாம் “நாள்பட்ட குடல்வால்” என்று பெயர் சூட்டி அறுவைக்குத் தேதி குறிப்பதை நல்ல அறுவை நிபுணர்களே கண்டிக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் நமக்கு வேண்டும்.

மருத்துவரின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்ப்போம். நோயற்ற குடல்வாலை எடுத்தால் யாரும் வழக்குப் போடுவதில்லை. பெரும்பாலான வயிற்றுவலி இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். அறுவைக்குப் பின் போனால் அறுவையால் போனதாகவே நோயாளி நினைப்பார். பழக்கூடையோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். மாறாக, ‘பார்க்கலாம்’ என்று காத்திருந்து குடல்வால் ஓட்டை விழுந்துவிட்டால்? வார்டு வாசலில் கூட்டம் கூடும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு வரும். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது நோயாளிகளுக்கு நன்மையே. ஆனால் வன்முறையிலிருந்து மருத்துவர்களைக் காக்க 2008-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது என்பதும் உண்மை. இப்படி ஒரு பக்கம் நன்றியும் மறுபக்கம் தண்டனையும் காத்திருக்கும்போது, கை தானாகக் கத்தியின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

நோயாளியின் கட்டிலிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுவாரம் பிளஸ் டூ தேர்வு. அல்லது ஆவணியில் கல்யாணம் நிச்சயமான பெண். வயிற்றில் தழும்பு என்ற கவலை தாய்க்கு, கையில் இருக்கும் பணத்தைப் பற்றிய கவலை தந்தைக்கு. பக்கத்து ஊர் மாமா செல்போனில் “வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்கிறார். மருத்துவரோ, “இப்போதே முடிவு சொல்லுங்கள், தியேட்டரைத் தயார் செய்ய வேண்டும்” என்கிறார். எதையும் விளக்காமல் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து விழுகிறது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிகிச்சை எதற்கு, மாற்று வழிகள் என்ன, ஆபத்து என்ன, சிகிச்சை வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போதுமான அளவு சொல்லிய பிறகு பெறுவதே ஒப்புதல். அதைத் தரும் உரிமை, நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்கே உரியது. நம் மருத்துவமனைகளில் பத்தொன்பது வயதுப் பெண் கட்டிலில் விழித்தபடி படுத்திருக்க, அவளைத் தவிர எல்லோரிடமும் பேச்சு நடக்கிறது. இதில் மருத்துவர் மீது மட்டும் குறை சொல்ல முடியாது. குடும்பமும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும். கடைசி மாதவிலக்கு எப்போது, கரு உண்டாகியிருக்க வாய்ப்பு உண்டா என்ற கேள்விகளை அண்ணனும் சித்தப்பாவும் சுற்றி நிற்கையில் கேட்டால் என்ன பதில் வரும்? சரியான பதில் கிடைத்தால் அறுவையே தேவைப்படாமல் போகலாம். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால், தவறான பதில் உயிரையே பறிக்கலாம். ஒரு திரையை இழுத்துவிட்டு, ஒரு செவிலியரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். “நாங்கள் கொஞ்சம் வெளியே நிற்கிறோம்” என்று குடும்பத்தார் தாங்களாகவே எழுந்து போனால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. பிரிட்டன் ஆய்வில் நோயற்ற குடல்வால் அகற்றப்பட்டவர்களின் விகிதம் ஆண்களைவிடப் பெண்களில் இரு மடங்குக்கும் மேல் இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அல்ட்ராசவுண்ட் நல்ல கருவி. கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. ஆனால் அது பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது. குடலில் காற்று நிறைந்திருந்தாலோ, வயிற்றில் கொழுப்பு அதிகம் இருந்தாலோ குடல்வால் தென்படாது. ‘குடல்வால் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட்டில் வந்தால் குடல்வாலில் நோய் இல்லை என்று பொருளில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சி.டி. ஸ்கேன் இன்னும் துல்லியமானது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தும் அமெரிக்காவில் நோயற்ற குடல்வாலை அகற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கதிர்வீச்சைத் தவிர்க்கவே பார்க்க வேண்டும். எல்லாத் தாலுகா மருத்துவமனைகளிலும் இரவு இரண்டு மணிக்கு சி.டி. எடுத்து ரிப்போர்ட் தர ஆளும் இருக்கப்போவதில்லை.

இயந்திரம் இல்லாத இடத்திலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1986-இல் ஆல்ஃபிரெடோ அல்வராடோ என்ற மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். வலி இடம் மாறியதா, பசி போனதா, குமட்டல் உண்டா, வலது அடிவயிற்றை அழுத்தினால் வலிக்கிறதா, அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா, அவற்றில் குறிப்பிட்ட வகை மிகுந்திருக்கிறதா என்று எட்டுக் கேள்விகள், மொத்தம் 10 மதிப்பெண். நாலுக்குக் கீழே இருந்தால் குடல்வாலாக இருக்க வாய்ப்பு குறைவு. ஏழுக்கு மேலே போனால் அதிகம். நடுவில் நிற்பவர்கள்தான் கடினமானவர்கள். இந்த முறை எல்லாப் புதிரையும் அவிழ்க்காது. ஆனாலும் ஒரே நோயாளியை மாலை ஆறு மணிக்கும் இரவு பன்னிரண்டு மணிக்கும் பார்க்கும் இரண்டு மருத்துவர்களுக்கு ஒரு பொது மொழியைத் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா மருத்துவமனைக்கும், அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் 108-இல் அனுப்பப்படும் நோயாளியின் சீட்டில், “வயிற்றுவலி, மேல்சிகிச்சைக்கு” என்று எழுதுவதற்குப் பதில், எந்த மணிக்கு எந்த மதிப்பெண் என்று எழுதியிருந்தால், வாங்குகிற மருத்துவர் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. நான்கு மணி நேரத்தில் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அறுவையே இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்தலாம் என்ற செய்தியும் இப்போது வாட்ஸ்அப்பில் வலம்வருகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதிதான் பரவுகிறது. பின்லாந்தில் 2015-இல் வெளியான ஆய்வில், சிக்கலில்லாத குடல்வால் அழற்சி என்று சி.டி.யில் உறுதியான 530 பேரைக் கொண்டு அறுவையையும் ஆன்டிபயாடிக்கையும் ஒப்பிட்டார்கள். ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் நான்கில் மூவருக்கு ஓராண்டு வரை அறுவை தேவைப்படவில்லை. ஐந்து ஆண்டில் மறுபடி நோய் வந்தவர்கள் 39 சதவீதம். அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வந்தது: ஆன்டிபயாடிக் பிரிவில் 90 நாளுக்குள் 29 சதவீதத்தினருக்கு அறுவை செய்ய வேண்டிவந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் அறுவைக்கே வந்து சேர்ந்தார்கள். குடல்வாலுக்குள் கல் போல இறுகிய மலத்துணுக்கு இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். குழந்தைகளைப் பற்றி 2025-இல் வந்த ஆய்வில், ஆன்டிபயாடிக் சிகிச்சை ஓராண்டுக்குள் 34 சதவீதத்தினருக்குத் தோற்றது.

இந்த எண்களை வைத்து இரு தரப்பும் வாதாடலாம். பாதிப் பேருக்கு அறுவையே வேண்டியிருக்கவில்லை என்பார் ஒருவர். பாதிப் பேர் நோயையும் சுமந்து கடைசியில் அறுவையையும் சுமந்தார்கள் என்பார் மற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் கருத்து, இதில் பொது விதி தேவையில்லை. மனிதரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மதுரையில் பெரிய மருத்துவமனைக்குப் பத்து நிமிடத் தொலைவில் வசிக்கும் ஆசிரியை, சி.டி.யில் சிக்கல் இல்லை என்று தெரிந்தால், ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுப்பது நியாயம். வலி திரும்பினால் உடனே வந்துவிடுவார். கடலுக்குப் போய் நாட்கணக்கில் திரும்பாத மீனவருக்கும், நாமக்கல்லிலிருந்து அசாமுக்கு லாரி ஓட்டுபவருக்கும், இரவில் பேருந்து இல்லாத மலைக் கிராமத்தில் இருப்பவருக்கும் அதே அறிவுரை பொருந்தாது. இவர்களுக்கு ஒரு சிறு லேப்ரோஸ்கோப்பி அறுவையே பாதுகாப்பாக இருக்கலாம். நோயாளி எங்கே வசிக்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்று கேட்பதும் மருத்துவமே. அரைகுறை அளவில் எடுத்த ஆன்டிபயாடிக், பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் ஆகியவற்றால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் நாட்டில், ‘மாத்திரையிலேயே சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை மெடிக்கல் ஷாப் கவுண்டரில் விற்பனைக்கு வந்துவிடக் கூடாது என்ற கவலையும் எங்களுக்கு உண்டு.

அப்படியானால் நடுவில் நிற்பவர்கள், அதாவது மதிப்பெண்ணும் ஸ்கேனும் கைவிரித்துவிட்டவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு உரிய வழி பழையதுதான். பெரிதாக யாரும் விளம்பரம் செய்யாத வழி. மருத்துவமனையில் படுக்க வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை, முடிந்தால் அதே மருத்துவர் மறுபடி மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துக் குழந்தை அறுவை நிபுணர் பீட்டர் ஜோன்ஸ் 1976-லேயே இதைப் பற்றி எழுதினார். சும்மா படுக்கப் போட்டு வைப்பதை அவர் சொல்லவில்லை. மணி பார்த்து, குறித்து வைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதைச் சொன்னார். உண்மையான அழற்சி என்றால் நேரம் ஆக ஆகத் தெளிவாகும். வேறு வலி என்றால் பெரும்பாலும் தணியும்.

காத்திருந்தால் வெடித்துவிடுமே என்ற அச்சத்துக்கும் இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. நார்டிக் நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, சிக்கலில்லாத அழற்சி என்று கணிக்கப்பட்ட பெரியவர்களை எட்டு மணி நேரத்துக்குள் அறுவை செய்யும் பிரிவு, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் செய்யும் பிரிவு என்று பிரித்தது. குடல்வாலில் ஓட்டை விழுந்தவர்கள் முதல் பிரிவில் 8 சதவீதம், இரண்டாவதில் 9 சதவீதம். அதாவது, மருத்துவமனைக்கு உள்ளே கண்காணிப்போடு கழியும் சில மணி நேரம் பெரிய வித்தியாசத்தைச் செய்வதில்லை. இதையே சாக்காக வைத்து, வயிறு பலகையாக இறுகிப்போனவரையும் நாடித் துடிப்பு எகிறுபவரையும் காக்க வைக்கக் கூடாது; அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அதேபோல் குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் சீக்கிரம் மோசமாகக்கூடியவர்கள். ஆனால் நிலைமை சீராக உள்ள இளைஞருக்கு, நள்ளிரவில் களைத்துப்போன மருத்துவர் அறுவை செய்வதைவிடக் காலையில் ஓய்வெடுத்த கை செய்வது மோசமில்லை.

காத்திருப்பு என்றால் வலியைத் தாங்கிக்கொண்டு துடிப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். நோய் தெரியும் முன் வலிமருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்துவிடும் என்பது நூறாண்டுப் பழைய பாடம்; 1921-இல் வந்த சாக்கரி கோப்பின் புகழ்பெற்ற நூல் அதை வலியுறுத்தியது. பிற்கால ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. வலி குறைந்த நோயாளியைச் சரியாகவே பரிசோதிக்க முடிகிறது. வலியைத் தணித்துவிட்டுக் கவனித்தால்தான் குடும்பமும் பொறுமையாக இருக்கும்.

வீட்டில் கழியும் நேரம்தான் உண்மையில் ஆபத்தானது. ஓமவாட்டர், சோடா, பெருங்காயம் என்று தொடங்கி, மலச்சிக்கல்தான் என்று விளக்கெண்ணெயில் வந்து முடியும் நம் கைவைத்தியம் மற்ற நாட்களில் கெடுதி செய்வதில்லை. வலது பக்கம் நகர்ந்துவிட்ட வலிக்குப் பேதி கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் ஓட்டுவதும் அப்படியே. வலி எப்போது, எங்கே தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன மாத்திரை போட்டது ஆகிய நான்கையும் சரியாகச் சொல்லும் தாய், அரை ஸ்கேனுக்குச் சமம். போட்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: இந்தக் காத்திருப்புக்குப் பணம் தருவது யார்? அரசுக் காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் பாலிசியானாலும், இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்ற கணக்கே அடிப்படை. குடல்வாலை எடுத்தால் தொகை வரும். எடுக்காமல் ஒரு நாள் கவனித்து, நலமாக வீட்டுக்கு அனுப்பினால்? தனியார் பாலிசிகளில், முதன்மையாகப் பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மருத்துவமனையில் சேரும் செலவு கிடையாது என்ற விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிலையான வாசகம். அந்த விலக்குக்கும் காரணம் இல்லாமல் இல்லை. முழுவுடல் பரிசோதனைக்கு இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கிவிட்டுக் காப்பீட்டில் கேட்பவர்களைத் தடுக்கத்தான் அது வந்தது. ஆனால் கடும் வயிற்றுவலியோடு வந்து, டிரிப்ஸ் ஏற்றி, மணிக்கணக்கில் கண்காணிக்கப்பட்டவரின் கோரிக்கையும் அந்த வாசகத்தில் சிக்கினால், நாம் என்ன செய்தி சொல்கிறோம்? கத்தி வைத்தால் பணம், பொறுமை காத்தால் இல்லை என்றல்லவா? நிறுவனம் மறுத்துவிடுமோ என்ற பயத்தில் அறுவைக்குச் சம்மதிக்கும் குடும்பத்தையும், படுக்கைச் செலவை ஈடுகட்ட அறுவைக்கு முனையும் சிறு மருத்துவமனையையும் தனித்தனியே திட்டுவதால் பயனில்லை. ‘கடும் வயிற்றுவலி, 24 மணி நேரக் கண்காணிப்பு’ என்று ஒரு தனித் தொகுப்பை, துல்லியமான நிபந்தனைகளோடு, அரசுத் திட்டத்திலும் தனியார் பாலிசிகளிலும் சேர்ப்பது நடைமுறைக்கு உகந்தது. தேவையற்ற அறுவைக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் காப்பீட்டாருக்கும் அது நட்டமாக இருக்கும் என்று தோன்றவில்லை.

கணக்குப் பார்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். அகற்றப்படும் ஒவ்வொரு குடல்வாலும் பயாப்ஸிக்குப் போக வேண்டும். அதன் முடிவு நோயாளியின் கைக்கும் வர வேண்டும். ஒரு மருத்துவமனை ஆண்டுக்கு எத்தனை நோயற்ற குடல்வால்களை எடுத்தது என்று கணக்கிட்டால், எத்தனை பேருக்கு ஓட்டை விழுந்த பிறகு அறுவை நடந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். முதல் எண்ணை மட்டும் வெளியிட்டால், நல்ல பெயர் வாங்கும் ஆசையில் மருத்துவர்கள் தாமதிப்பார்கள். இரண்டாவதை மட்டும் வெளியிட்டால் அவசரப்படுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு மருத்துவமனையின் நிதானம் தெரியும். தொடக்கத்தில் இதை மருத்துவமனைகளுக்குள்ளேயே, பெயர் குறிப்பிடாமல், திருத்திக்கொள்வதற்காகப் பயன்படுத்தினால் போதும். தொலைவிலிருந்து ஆம்புலன்ஸில் தாமதமாக வரும் நோயாளிகளையே பெரும்பாலும் பெறும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரண்டாவது எண் கூடுதலாகத்தான் இருக்கும். அதை ஊடகங்கள் தலைப்புச் செய்தியாக்கிவிடக் கூடாது. அந்தப் பொறுப்பு எங்களைப் போன்றவர்களுக்கு.

இந்திய அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைமையகம் சென்னை சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கிளைகள் ஊருக்கு ஊர் உண்டு. சுகாதாரத் துறையும் காப்பீட்டு நிறுவனங்களும் நுகர்வோர் அமைப்புகளும் இவற்றோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், கண்காணிப்புத் தொகுப்பையும் மதிப்பெண் எழுதிய இடமாற்றச் சீட்டையும் பேசி முடிப்பது நடக்காத காரியம் இல்லை. இரண்டாவது கருத்து கேட்பது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ள உரிமை. அதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாத மருத்துவரும், கேட்ட பிறகு அந்த இரண்டாவது மருத்துவர் சொல்வதையாவது நம்பும் குடும்பமும் சேர்ந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. மூன்றாவது, நான்காவது என்று ஊர் ஊராக அலைவதற்குள் இரவு போய்விடும்.

எல்லாவற்றிலும் எளிதானதை முதலில் தொடங்கலாம். அறுவை வேண்டாம் என்று முடிவாகி வீட்டுக்குப் போகிறவர் கையில், தமிழில் அச்சடித்த ஒரு பக்கத் தாள்: உங்களுக்குக் குடல்வால் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லவில்லை, இப்போதைக்கு அறுவை தேவையில்லை என்றே சொல்கிறோம், வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ நடு இரவானாலும் திரும்பி வாருங்கள், நாளை இத்தனை மணிக்கு எப்படியும் வந்து காட்டுங்கள், தொலைபேசி எண் இது. கீழே பார்த்த மருத்துவரின் பெயர், பார்த்த நேரம், அன்றைய மதிப்பெண். திரும்பி வருபவரைப் புதிய நோயாளி என்று மீண்டும் ஓ.பி. வரிசையில் நிறுத்தாமல், அந்தத் தாளைக் காட்டியதும் நேராக உள்ளே அனுப்பும்படி வாசலில் இருக்கும் ஊழியருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.